ஏழு வீட்டுப் புத்தகங்கள்

...எல்லா மூலையையும் கிழித்தாயிற்று, ஒன்றும் மிச்சமில்லை, நேற்றுப் பகல் முழுக்க அதே வேலைதான், ஒவ்வொரு புத்தகமாக மடியில் வைத்து, அட்டையின் வலது மேல்மூலையில் பச்சை மையில் பெயர்கள் இருக்கிற அந்தத் துண்டை மட்டும் வாசிக்காமலே கிழித்து, அடுப்பில் போட்டு, அது சுருண்டு கறுக்கும்வரை பார்த்திருந்து, பிறகுதான் அடுத்தது... இருந்தும் ஒன்று தவறியிருந்தால்? இரண்டு அட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தால்? குருமண்வெளித் துறையில் தோணிக்கு நின்ற வரிசை ஓரடி நகர்ந்தது. சின்னத்தங்கம் சாக்கைத் தூக்கி ஓரடி முன்னால் வைத்தாள். நூற்றுப் பதினெட்டு வாரப் புத்தகங்கள், என்ன பாரம், கடதாசிக்கு இவ்வளவு பாரமா? வரிசையின் தலைப்பில் ஓர் ஆமிக்காரன் பைகளைக் கொட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பற்றரி அக்கரைக்குப் போகக்கூடாது, மருந்து போகக்கூடாது, பழைய வாரப் புத்தகங்களைப் பற்றி ஒருவரும் ஒரு சட்டமும் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டும் சட்டம் பார்த்தா செய்தார்கள்?

அழகரத்தினத்தின் ஏற்பாடு அது. அவளுடைய புருஷன், கூட்டுறவுக் கடை மனேச்சர், எதையும் நிரல் போட்டால்தான் அந்த மனுஷனுக்குத் தூக்கம் வரும். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் புத்தகம் வந்ததும் அட்டை மூலையில் ஏழு பேரின் பெயரை வீடுகள் இருக்கிற ஒழுங்கில் எழுதுவார், முதல் பெயர் தன்னுடையது. வாசித்து முடித்தவர் தன் பெயருக்கு நேரே சரி போட்டு, திகதி வைத்து, அடுத்த வீட்டுப் படலையில் கொடுத்துவிட வேண்டும், ஆளுக்கு ஒரு நாள், ஏழாம் நாள் புத்தகம் திரும்பி வந்துவிடும். தொடர்கதையில் கொலைகாரன் யார் என்று முதலாம் வீட்டுக்காரர் ஆறாம் வீட்டுக்காரரிடம் மூச்சுவிடக்கூடாது, அதுவும் ஒரு சட்டம். இரண்டாம் வீட்டுச் சீனித்தம்பி மட்டும் அதை மீறுவார், "டொக்டர்தான் கொலைகாரன், நான் சொல்லல்ல" என்று சைக்கிளில் போகிற போக்கிலேயே கத்திவிட்டுப் போவார், கதிர்காமத்தம்பி கல்லெடுத்துக்கொண்டு துரத்துவார், தெருவே சிரிக்கும்... ஏழு பெயர், ஏழு சரி, ஏழு திகதி. நாலு பக்கமும் சண்டை நடக்கிற நாட்டில் அது பிறத்தியானின் கண்ணுக்கு என்னவாகத் தெரியும் என்று ஏழு பேரில் ஒருவருக்குமா தோன்றவில்லை? அவளுக்கே தோன்றவில்லையே.

தொண்ணூறாம் ஆண்டு ஆவணி, சுற்றிவளைப்பு என்று தெரிந்தபோது உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. புத்தகம் மேசையில் கிடந்தது, பெட்டிக்குள் வைத்திருக்கலாம், வைக்கவில்லை, சோறு வேகும்வரை தொடர்கதையில் நாலு பக்கம் பார்க்கலாம் என்ற ஆசை. வந்த ஆமிக்காரன் மேசையில் வேறு எதையும் தொடவில்லை, அதை மட்டும் எடுத்தான். சரிகளைப் பார்த்தான், திகதிகளைப் பார்த்தான், அவளிடம் நீட்டினான். "இது என்ன? வாசி." உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று யார் சொல்லித் தந்தது? பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிப்பது போல, ஒரு தடவைகூட நாக்குத் தடுக்காமல், ஏழு பெயரையும் அவள் வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவன் ஒரு சின்னக் கொப்பியில், வட்ட வட்டமான சிங்கள எழுத்தில் எழுதிக்கொண்டான். மத்தியானத்துக்குள் ஏழு பேரும் ட்ரக்கில். ஆமிக்காரனே நிரலை வாசித்துப் பிடித்தான் என்றுதான் ஊர் நம்புகிறது, பத்து மாதமாக நம்புகிறது, அவளும் திருத்தவில்லை. சட்டி கழுவும்போது, ஆமி முகாம் வாசலில் மனுவோடு நிற்கும்போது, அந்தக் குரல் வரும், அவளுடைய குரல்தான், தெளிவாக, அவசரமில்லாமல்...

அதற்காகத்தானா இந்தப் புத்தகங்களைக் கொடுக்கிறாள்? இல்லை, கறையான், மழை, இன்னொரு சுற்றிவளைப்பு... இல்லை, அதற்காகத்தான். கட்டிலுக்குக் கீழே அந்தப் பெட்டி இருக்கிறவரைக்கும் வீட்டில் ஏழு பேர் மூச்சுவிடுவது போலிருந்தது. பழைய கடதாசி வாங்குகிற ஹமீட் நானா சைக்கிளில் வந்தால் கடலைச் சரை சுற்றவாவது கொடுத்திருக்கலாம், தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் மூண்ட இந்தச் சண்டைக்குப் பிறகு அவர் இந்தப் பக்கம் வருவதில்லை, இங்கிருந்தும் ஒருவரும் அந்தப் பக்கம் போவதில்லை. நோயாளிகள் வாசிக்கட்டும் என்று ஆசுபத்திரியில் கேட்டுப் பார்த்தாள், வைக்க இடமில்லை என்றார்கள். அப்போதுதான் மண்டூர்ப் பள்ளிக்கூடத்து அகதி முகாமிலிருந்து நல்லரத்தினம் மாஸ்டர் துண்டு அனுப்பினார்: சனம் சும்மா இருந்து இருந்து சுவரை வாசிக்குதுகள் தங்கச்சி, பழைய புத்தகம் கிடந்தால் அனுப்புங்கள். மச்சாள், புருஷனின் அக்கா, தலையில் அடித்துக்கொண்டாள். "அவன் வந்து கேட்டா என்ன சொல்லுவாய்? செத்திட்டான் எண்டு முடிவுகட்டிட்டியா கா?" முடிவா? அவர் வந்து கேட்பதற்கு அவள் இன்னொரு பதிலையல்லவா பத்து மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறாள்...

சாக்கு கவிழ்ந்தது. அட்டைகளில் நடிகைகள் சிரித்தார்கள். ஆமிக்காரன் ஒன்றை எடுத்தான், இன்னொன்றை எடுத்தான், விரல் மூலைக்குப் போனது. "ஏன் கிழிச்ச?" "எலி கடிச்ச சேர்." அவன் அவளைப் பார்த்தான், மூலையைப் பார்த்தான், பின்னால் நின்ற நீண்ட வரிசையைப் பார்த்தான். ஒரு புத்தகத்தைத் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டு கையை ஆட்டினான், போ. அது எந்தப் புத்தகம்? அதில் மூலை கிழிந்திருந்ததா? தோணி வாவிக்குள் வந்ததும் சாக்கின் வாயை மறுபடி இறுக்கிக் கட்டினாள். தோணிக்காரர் தடியை ஊன்றிக்கொண்டு, "நூறு புத்தகத்திலயும் ஒரே மூலையத்தான் கடிக்குமா கா? நல்லாப் படிச்ச எலிதான்" என்றார். ஏறியிருந்தவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், என்ன சிரிப்பு அது... பின்னால் எழுவான்கரை, அவளுடைய கிழக்குக் கரை, சிறுத்துக்கொண்டே போனது.

பள்ளிக்கூட மண்டபத்தில் சாக்கை அவிழ்த்த நிமிடத்தில் புத்தகங்கள் பறந்தன. ஒரு புத்தகத்துக்கு நாலு கை. ஒரு கிழவர் கண்ணாடி இல்லாமல் தைல விளம்பரத்தைச் சத்தம் போட்டு வாசித்தார், இரண்டு பெண்கள் நடுப்பக்கத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, "முன்னக்கிப் போகாத, நான் இன்னும் முடிக்கல்ல" என்று சண்டை பிடித்தார்கள். இவ்வளவுதானா, ஒரு பெட்டிக்குள் கிடந்து தன்னைத் தின்றது இவ்வளவு இலேசாகப் போய்விடுமா? மூச்சு ஒன்று நெஞ்சின் அடிவரை போய்வந்தது. அப்போதுதான் இரத்தினம்மா வந்தாள், சீனித்தம்பியின் பெண்சாதி, போன மாசி முதல் இந்த முகாமில்தான். ஒரு புத்தகத்தை எடுத்தாள், படத்தைப் பார்க்கவில்லை, மூலையைப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். மறுகாவும் ஒன்று. "இதில இருந்த பேரெல்லாம் எங்க கா?" எலி என்ற சொல் தொண்டைவரை வந்து நின்றது. "பயத்தில கிழிச்சிப் போட்டன்." "எல்லாத்திலயுமா?" "ஓம்." இரத்தினம்மா கோபிக்கவில்லை, கோபித்திருக்கலாம். "அவர் சரி போட்டா வால் நீட்டமாப் போடுவார். அதொண்ட வெட்டி வச்சிக்குவம் எண்டு ஓடி வந்தன். வீட்டோட எல்லாம் எரிஞ்சிட்டு, அவர்ட எழுத்து எங்கிட்ட ஒண்டுமில்ல."

கண்ணைத் துடைத்துக்கொண்டு இரத்தினம்மாவே அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "சரி விடு புள்ள, ஒரு வேல இரிக்கு. செஞ்சிலுவைக்காரர் நாளைக்கு வாறாங்களாம். ஒத்த ஒத்தயாக் குடுத்த மனு ஒண்டையும் ஒருத்தனும் பாக்கல்ல. ஏழு பேரையும் ஒண்டா எழுதிக் குடுப்பம். மாஸ்டர், எழுதுங்க, இவளுக்குத்தான் நிரல் பாடம்." நல்லரத்தினம் மாஸ்டர் தாளை முழங்காலில் வைத்து ஒன்று முதல் ஏழு வரை இலக்கம் போட்டார். இந்த முறை இது நல்ல நிரல், தேடிப் பிடித்துத் தரச் சொல்கிற நிரல்... வாய் தானாகத் தொடங்கியது. அழகரத்தினம். சீனித்தம்பி. கதிர்காமத்தம்பி. வேலாப்போடி. பூபாலபிள்ளை. தெய்வநாயகம். மாஸ்டரின் பேனை ஏழுக்குப் பக்கத்தில் காத்துநின்றது. மேசன். மாங்கேணியிலிருந்து கட்டட வேலைக்கு வந்து நாலு மாதம் கடைசி வீட்டுச் சாய்ப்பில் இருந்தவர், ஒவ்வொரு வியாழனும் சுண்ணாம்பு படிந்த கையால் புத்தகத்தைப் படலையில் நீட்டுவாரே, அவர்...

"மேசன் எண்டு எழுதேலாது தங்கச்சி, பேர் வேணும். அவர்ர பேர் என்ன?" இரத்தினம்மா விழித்தாள். "எல்லாரும் மேசன் எண்டுதானே கூப்பிட்ட?" ஓம், எல்லோரும் அப்படித்தான். பெயர் அட்டையில் மட்டுந்தான் இருந்தது, நாலு மாதத்துப் புத்தகத்தில், பதினாறு மூலையில். மாங்கேணியில் ஒரு தாய் இருப்பாளா? மகன் எங்கள் களுவாஞ்சிக்குடியில் சுகமாக வேலை செய்கிறான் என்று இன்னும் நினைத்திருப்பாளா? வாசித்தேனே, அன்றைக்குத் தடுக்காமல் வாசித்தேனே... சின்னத்தங்கம் கண்ணை மூடினாள். பத்து மாதமாக எந்தக் குரலுக்குப் பயந்து காதைப் பொத்தினாளோ அந்தக் குரலை முதன்முறையாக வா என்று கூப்பிட்டாள். வந்தது. உலை கொதிக்கிற அறை, மேசை, நீட்டிய கை, ஒன்று, இரண்டு, மூன்று, அதே தெளிவு, அதே ஒழுங்கு, ஆறாவது பெயரும் முடிந்தது. அதற்கு அடுத்ததாக, கொப்பியில் அவனுடைய பேனை உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.