அவருக்குக் கேட்ட பாட்டு

கலைச்செல்வி தலைமாட்டு விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது, தோட்டத்து வெல்ஃபெயர் ஆபீசர் கிருஷாந்த் செருப்போடு உள்ளே வந்தார். கையில் மலர்வளையம், கக்கத்தில் ஒரு ஃபைல். வளையத்தைச் சவப்பெட்டியின் கால்மாட்டில் சாய்த்துவிட்டு, நாற்காலி ஒன்றை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"நல்ல மனுஷன்மா. இருபத்தாறு வருஷத்துல ஒரு முறைப்பாடு, ஒரு கொற சொன்னதில்ல."

அவள் எண்ணெய்ப் போத்தலை மூடினாள்.

முந்தாநாள் பட்டப்பகலில், ரப்பர் ஃபேக்டரி முற்றத்தில், பின்னால் எடுத்த லொறி அவள் புருஷன் இந்திரகுமாரை இடித்துத் தள்ளியிருந்தது. டிரைவர் மூன்று தரம் ஹோர்ன் அடித்தானாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

கிருஷாந்த் ஒரு தாளை நீட்டினார். சிங்களத்தில் டைப் அடித்திருந்தது.

"சும்மா ஒரு கடிதந்தாம்மா. கையெழுத்து வெச்சீங்கன்னா மத்த வேலையெல்லாம் சுருக்கா முடிஞ்சிடும்."

அவள் அதை மகள் ஷாமிளாவிடம் கொடுத்தாள். சிங்களம் வாசிக்கத் தெரிந்தவள் அவள்தான். பாதி வாசித்ததும் தாளைத் தாழ்த்தினாள்.

"'நொசெலகில்ல'ன்னு போட்டிருக்கும்மா, கவனக்கொறவாம். அப்பா கவனமில்லாம போனாராம். ஹோர்ன் அடிச்சும் வேணும்னே வெலகலையாம்."

கலைச்செல்விக்குக் காதுமடல்கள் சுட்டன.

ரப்பரைத் தட்டையாக்கும் உருளைகளின் பக்கத்தில்தான் அத்தனை வருடமும் இந்திரகுமாருக்கு வேலை. அந்த இரைச்சல் முதலில் அவர் காதிலிருந்து சில்வண்டுச் சத்தத்தைத் தின்றது. பிறகு போன் மணி. பிறகு அவள் குரல். கூப்பிட்டால் திரும்பாத மனுஷனை, வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைத்து எத்தனை நாள் பேசாமல் இருந்திருக்கிறாள்!

நாலு வருடத்துக்கு முன்னால் தெரணியகலை டவுனில் நஜீப்பின் ரேடியோ கடைக்கு அவளையும் கூட்டிப்போனார். அங்கே அடித்தொனியை மட்டும் எழுப்பும் சப்வூஃபர் பெட்டி ஒன்று அதிர்ந்துகொண்டிருந்தது. இந்திரகுமார் அதற்கு முன்னால் குந்தினார், எழுந்திருக்கவே இல்லை. நஜீப் ஒரு குமிழைக் காட்டினார். "இதுதான் க்ராஸ்ஓவர். ஒரு கோடு மாதிரி வெச்சுக்கங்க. கோட்டுக்குக் கீழ உள்ள கனத்த சத்தம் இந்தப் பெரிய பெட்டிக்கு. மேல உள்ளது, பாடுற குரலெல்லாம், சின்ன ஸ்பீக்கர் ரெண்டுக்கும்."

தன் குரல் எந்தப் பக்கம் என்பது அவளுக்கு அங்கேயே விளங்கிவிட்டது.

அதை வாங்கிவந்து வீட்டில் வைத்த பிறகு சின்ன ஸ்பீக்கர்களை அவர் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினார். அவருக்கு அவை சும்மா இருந்தன. லயத்தில் ஒட்டியிருந்த அடுத்த வீட்டுக் காம்பராவுக்குச் சுவர் அதிரக் கூடாதென்று சப்வூஃபருக்கு அடியில் ரப்பர் ஷீட்டை நாலாய் மடித்து வைத்தார். அப்படியும் ஒருநாள் அவள் எரிச்சலில் பிளக்கைப் பிடுங்கினாள். "புடுங்காத கலா," என்றார். "எனக்கு அது மட்டுந்தான் வருது."

"பேனை இந்தாங்கம்மா," என்றார் கிருஷாந்த்.

கலைச்செல்வி எழுந்தாள். மூலையில் சேலைபோட்டு மூடியிருந்த சப்வூஃபரைத் திறந்து சுவிட்சைப் போட்டாள்.

"ஷாமிளா, போன்ல அப்பா கேக்குற பாட்டப் போடு."

"அம்மா, எழவு வீட்டுல…"

"போடுன்னு சொல்றேன்."

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் வாயில் கைவைத்தார்கள். அறை அதிர்ந்தது. தும், தும், தும். சவப்பெட்டியின் கைப்பிடிகள் கிணுகிணுத்தன. சொல்லும் இல்லை, ராகமும் இல்லை.

"என்னம்மா இது? பாட்டு எங்க?"

"இதான் சேர் பாட்டு. அவருக்குக் கேட்டது இவ்வளவுதான். இதுல எங்கயாச்சும் ஹோர்ன் சத்தம் கேக்குதா, காத வெச்சுக் கேட்டுச் சொல்லுங்க."

கிருஷாந்த் ஃபைலைப் பார்த்தார்.

"முறைப்பாடு சொன்னதில்லன்னீங்களே, காதுக்கு மூடி கேட்டு ரெண்டு தரம் கடிதம் குடுத்தாரு. எழுதுனது இந்தப் புள்ள. கை வேல செய்யிறவனுக்குக் காது எதுக்குன்னு சிரிச்சாங்க ஒங்க ஆபீசுல. சிரிச்சது அவருக்குக் கேக்கல. கூடப் போன எனக்குக் கேட்டுச்சு."

"அதெல்லாம் நான் வர்றதுக்கு முந்தி நடந்தது…"

"காத நீங்க எடுத்தீங்க. இப்ப உசுரும் போச்சு. குத்தம் மட்டும் அவரோடதா?" அவள் குரல் கூரைத்தகரத்தில் மோதியது. புருஷனிடம் கத்திக் கத்திப் பெரிதான குரல். "காது கேக்காத மனுஷன லொறி ஓடுற முத்தத்துல நடக்க விட்டோம்னு எழுதிக்கிட்டு வாங்க. நான் கையெழுத்து வெக்கிறேன்."

அவர் தாளை எடுத்து ஃபைலுக்குள் வைக்கப் பார்த்தார். அது மடங்கிக்கொண்டு உள்ளே போகவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு எழுந்தார்.

வாசல் இஸ்தோப்புப் படியில் பத்துப் பதினைந்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆபீசர் வந்தால் துண்டை எடுத்துக்கொண்டு எழும்பி நிற்கிற ஆட்கள்.

"கொஞ்சம் வழி விடுங்க."

ஒருவரும் அசையவில்லை. ஒரு கிழவர் வெற்றிலையின் காம்பைக் கிள்ளிப் போட்டார். கிருஷாந்த் காற்சட்டையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கத்துச் சாக்கடைக் கானுக்குள் இறங்கி, தாள் நனையாமல் ஒரு கையை உயர்த்தியபடி, அழுக்குத் தண்ணீரில் மெல்ல மெல்ல நடந்து ரோட்டுக்குப் போனார்.