ஸ்டூடியோக்காரரின் சிரிப்பு வைத்தியம்

கல்லைக்கூடச் சிரிக்க வைத்துப் படம் எடுத்துவிடுவேன் என்று மார்தட்டும் போட்டோ ஸ்டூடியோக்காரருக்கு அடங்காத ஒரே முகம் அக்கா புருஷனுடையது. அக்கா காலமானதிலிருந்து மாமாவைச் சளி விட்டால் வாய்ப்புண் பிடித்தது, வாய்ப்புண் ஆறுவதற்குள் காய்ச்சல் வந்தது. மனசு இப்படி ஒடிந்தே கிடந்தால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் தளர்ந்து போகும் என்றார் டாக்டர். துக்கத்தை அவர் வாய்விட்டுப் பேசட்டும் என்றும் சொன்னார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஸ்டூடியோக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அக்காதான் போய்விட்டாள், மாமாவையும் பறிகொடுக்க அவர் தயாராக இல்லை.

அன்று மாலையே வைத்தியம் ஆரம்பமானது. கூடத்தில் இருந்த அக்கா படத்தைக் கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். அந்த ஆணியில், யார் பெற்ற பிள்ளையோ, ஒரு பொக்கை வாய்க் குழந்தை சிரிக்கும் படத்தை ஸ்டூடியோவிலிருந்து கொண்டுவந்து மாட்டினார். அக்கா பேச்சை யாரும் எடுக்கக் கூடாது என்று வீட்டுக்கே உத்தரவு போட்டார். தினமும் கடையைச் சாத்தியதும் வந்து உட்கார்ந்துகொண்டு, மாமா இளிக்கிற வரைக்கும் ஜோக் சொல்வதை விடமாட்டார். பாவம், அந்த மனிதரும் வாய்ப்புண் எரிய எரிய மரியாதைக்காக இளித்து வைத்தார். காய்ச்சலுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியவில்லை, அது பாட்டுக்கு வந்து போனது.

இப்படியிருக்கையில் ஸ்டூடியோக்காரருக்கே இடுப்பைச் சுற்றி அக்கி கிளம்பியது. சட்டை பட்டாலே நெருப்பாய் எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவர் "சிரிங்க" என்று சொன்னதில் ஒரு கல்யாண ஜோடியே மிரண்டு போனது. சிரித்துக்கொண்டே திரிகிற தனக்கு எதிர்ப்புச் சக்தி எப்படிக் குறையும் என்று, அது குறைந்தால்தான் அக்கி வரும் என்ற பழைய டாக்டர் மேலேயே அவருக்குக் கோபம். கடைசியில் மாமாதான், இருமிக்கொண்டே, கையைப் பிடித்து அவரைத் தோல் டாக்டரிடம் இழுத்துப் போனார்.

தோல் டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, சமீபத்தில் நெருங்கியவர்கள் யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டார்.

"எனக்கு யாரும் இல்ல டாக்டர். மாமாவோட சம்சாரம்தான்."

மாமா இருமலை அடக்கிக்கொண்டு அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"மாப்ள, அவ உனக்கு யாரு?"

ஸ்டூடியோக்காரர் வாயைத் திறந்தார். 'அக்கா' என்பதில் பாதிதான் வந்தது, மீதி அழுகையாக வெடித்தது. மாமா அவரைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இத்தனை நாள் இளித்து மறைத்ததையெல்லாம் சேர்த்து அழுதார். இரண்டு பேரும் போட்ட சத்தத்தில், வெளியே காத்திருந்தவர்களில் பாதிப் பேர் உள்ளே பெரிய ஊசியாகப் போடுகிறார்கள் என்று எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.