பார்க்க ஓர் ஆள்

விசாரணை அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சை மனிதர்கள் உட்காருவதற்காகச் செய்த மாதிரி தெரியவில்லை. சாய்ந்தால் மரச்சட்டம் தோள்பட்டையில் இடித்தது. நிமிர்ந்தால் முழங்கால் எதிர்ச் சுவரைத் தொட்டது. நெட்டை அக்கா கால்களை ஒரு பக்கமாக மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது வார்டில் வைத்த பெயர். மேல் தட்டில் இருக்கும் பஞ்சுப் பொட்டலத்தை ஸ்டூல் போடாமல் எடுக்கக்கூடிய ஒரே நர்ஸ் அவள்தான். இப்போது இடது மணிக்கட்டில் கட்டு இருந்தது. யூனிஃபார்மோடு வரச் சொல்லியிருந்தார்கள் என்பதால் ஒற்றைக் கையால் இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு வந்திருந்தாள். காலருக்குக் கீழே ஒரு சுருக்கம் அப்படியே நின்றுவிட்டது.

உள்ளே யாரோ சிரித்தார்கள். தேநீர்க் கோப்பைகளைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது. ஒரு ஆயா பிஸ்கட் தட்டோடு கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு போனாள். வெளியே வரும்போது தட்டு காலியாக இருந்தது. அக்காவின் முகத்தைப் பார்க்காமல், பெஞ்சின் காலைப் பார்த்துக்கொண்டே நடந்து போய்விட்டாள்.

நடந்தது என்னவோ ரொம்பச் சாதாரணம். ஆபரேஷன் முடிந்து வருபவர்களை வைத்திருக்கும் வார்டு அவளுடையது. வலி பொறுக்க முடியாதவர்களுக்குப் போடும் மார்ஃபின் பூட்டிய அலமாரிக்குள் இருக்கும். ஒரு குப்பி முழுவதும் எல்லோருக்கும் தேவைப்படாது. வேண்டிய அளவைப் போட்டுவிட்டு, மீதியை இன்னொரு நர்ஸ் கண்ணால் பார்க்கத் தொட்டியில் கொட்ட வேண்டும். கொட்டியவளும் பார்த்தவளும் கையெழுத்துப் போட வேண்டும். விதி அப்படி. அந்த இன்னொரு நர்ஸை எங்கே போய்ப் பிடிப்பது என்று மட்டும் விதியில் இல்லை. ஒரு ஷிப்டுக்கு ஒரே நர்ஸ் என்று ஆக்கி வெகுகாலமாகிவிட்டது. அதனால் மீதி மருந்தைச் சிரிஞ்சிலேயே வைத்து, மூடியை மாட்டி, வெள்ளைப் பிளாஸ்திரியை ஒரு சுற்றுச் சுற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார்கள். அடுத்த ஷிப்டுக்காரி வந்ததும் இருவருமாகத் தொட்டியடிக்குப் போய்க் கொட்டுவார்கள். வார்டில் எல்லோரும் செய்வதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அக்காவுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது, அப்போது வார்டு சிஸ்டராக இருந்து, இன்று நர்ஸ்களுக்கெல்லாம் தலைமையாகிவிட்ட மேட்ரன். "பிளாஸ்திரி சுத்தும்மா. வீட்டுக்குப் போறப்ப பாக்கெட்டைத் தடவினா கைக்குத் தட்டுப்படும்."

அன்றைக்கு அடுத்த ஷிப்டுக்காரி வரவில்லை. மேட்ரன் போனில் கூப்பிட்டார். "நீயே தொடர்ந்து பார்த்துடு. நோயாளிகளை அப்படியே விட்டுட்டுப் போனா அது என்ன குற்றம்னு உனக்கே தெரியும்." அக்கா பார்த்தாள். இரண்டாவது ஷிப்டின் முடிவில் வேறு மாடியிலிருந்து கடன் வாங்கிய ஒரு நர்ஸ் வந்து சேர்ந்தபோது, ஓரக் கட்டில்காரருக்குத் தையல் பிரிந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. இருவரும் அவரைத் தூக்கி, அமுக்கி, ஆபரேஷன் தியேட்டருக்கு உருட்டிக்கொண்டு ஓடினார்கள். பாக்கெட்டைத் தடவிப் பார்க்க அக்காவின் கைக்கு நேரமில்லை. அப்படியே ஸ்கூட்டரை எடுத்தாள். பெட்ரோல் பங்க் வரைக்கும் போனது ஞாபகம் இருந்தது. பிறகு கண் விழித்தபோது பஸ் நிறுத்தத்தின் இரும்புக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். சுற்றிலும் செருப்புக் கால்கள். பேச வாயெடுத்தால் நாக்கு புரளவில்லை. போலீஸ்காரர் குனிந்து அவள் பாக்கெட்டிலிருந்து அதை எடுத்தார். பிளாஸ்திரி அப்போதும் பிரியாமல் சுற்றியபடியே இருந்தது.

கதவு திறந்து மேட்ரன் வெளியே வந்தார். பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து, அக்காவின் கட்டுப் போட்ட கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அவர் விரல்களில் பிஸ்கட் வாசனை அடித்தது.

"சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேன் மேடம்."

"நான் சொல்றதைக் கேளு. உள்ள போய் அழாதே, வாதாடாதே. மருந்து போட்டுக்கற பழக்கம் இருந்துச்சு, தப்புதான், திருந்திக்கறேன்னு சொல்லிடு. உன்னை நல்வழித் திட்டத்துல சேர்த்துடுவாங்க. வேலை இருக்கும், நர்ஸ் பதிவும் இருக்கும்."

"எனக்குப் பழக்கமே இல்லையே மேடம். ரத்தப் பரிசோதனையில ஒண்ணுமே இல்லைன்னு வந்திருக்கே."

"அதை லேட்டா எடுத்தாங்கன்னு சொல்லிடுவாங்க. இங்க பாரு, பழக்கம்னு ஒத்துக்கிட்டா உன்னை நோயாளியா வெச்சுப்பாங்க. இல்லைன்னு நின்னா திருடியாத்தான் வெச்சுப்பாங்க. திருடிக்குப் பதிவு கிடையாது. அப்புறம் நீ எந்த ஊருக்குப் போயி யாருக்கு ஊசி போடுவே?"

"பாக்கெட்ல வெச்சுக்கறது எல்லாரும் செய்யறதுதானே? நீங்கதானே மேடம்..."

மேட்ரன் அந்தக் கையை மடியிலிருந்து மெதுவாக எடுத்துப் பெஞ்சின்மேல் வைத்தார். "உள்ள கூப்பிடறாங்க," என்றார்.

அக்கா எழுந்தாள். கழுவாத பெட்பேனை மூக்கருகே பிடித்தது போல இருந்தது. வார்டில் அவள் எதற்கும் முகம் சுளித்ததில்லை. சீழ், வாந்தி, அழுகின விரல் எல்லாவற்றையும் பக்கத்துக் கட்டில்காரரோடு கதை பேசிக்கொண்டே துடைத்துப் போட்டுவிடுவாள். இந்தப் பிஸ்கட் வாசனைதான் தாங்கவில்லை.

உள்ளே நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் நர்ஸ்கள் பதிவுக் குழுவின் தலைவர், கோட்டுக்காரர். ஒரு பக்கம் மேட்ரன் போய் உட்கார்ந்துகொண்டார். மறுபக்கம் அவளுடைய ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர். அவருடைய வலது புருவத்தில் மெலிதாக ஒரு தழும்பு இருந்தது. அந்தத் தழும்பை அக்காவுக்கு நன்றாகத் தெரியும். விருந்து ஒன்றிலிருந்து நேராக வந்து அவர் காரை ஆஸ்பத்திரி வாசல் கேட்டிலேயே ஏற்றிய சாயங்காலம், கிழிந்த அந்தப் புருவத்துக்கு மருந்து போட்டு ஒட்டியவளே அவள்தான். வாய் திறந்தாலே சாராய நெடி. கேட்டின் ஒரு பாதி பெயர்ந்து விழுந்திருந்தது. லாரி இடித்துவிட்டதாகச் சொல்லும்படி வாட்ச்மேனுக்குச் சொன்னார்கள். டாக்டர் குளியலறையில் வழுக்கி விழுந்ததாக எழுதும்படி அக்காவுக்கு மேட்ரன் சொன்னார். அக்காவும் தன் கையாலேயே அப்படி எழுதிக் கொடுத்தாள். புதுக் கேட்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார்கள்.

"கொட்ட வேண்டிய மருந்தை ஏன் பாக்கெட்ல வெச்சிருந்தீங்க?" என்று கோட்டுக்காரர் கேட்டார்.

"பார்க்க ஆள் இல்லைங்க சார். ஆள் வர்ற வரைக்கும் வெச்சிருக்கறதுதான் எங்க வழக்கம்."

கோட்டுக்காரர் மேட்ரன் பக்கம் திரும்பினார். "அப்படி ஒரு வழக்கம் இருக்கா?"

"எங்க ஆஸ்பத்திரியில அப்படி ஒண்ணு நான் கேள்விப்பட்டதே இல்லைங்க சார்."

சொல்லும்போது குரலில் ஒரு பிசிறு இல்லை. அக்கா மேட்ரனின் வாயையே பார்த்தாள். பிளாஸ்திரியைப் பல்லால் கடித்துக் கிழித்துக் காட்டிய அதே வாய்.

"ரெண்டு ஷிப்டு தொடர்ந்து பார்க்கச் சொன்னாங்க சார். தூங்கிட்டேன். அவ்வளவுதான்."

"யாரையும் நாங்க கட்டாயப்படுத்தறதில்லைங்க சார். விருப்பப்பட்டா மட்டும்தான்," என்றார் மேட்ரன்.

பெரிய டாக்டர் முன்னால் சாய்ந்தார். வாயில் எதையோ சப்பிக்கொண்டிருந்தார், புதினா வாசனை வந்தது. "பாருங்கம்மா, நிதானமில்லாம வண்டி ஓட்டறது எவ்வளவு பெரிய குற்றம்! அந்த நிறுத்தத்துல ஒரு குழந்தை நின்னிருந்தா? வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி என்ன எடுத்துக்கிட்டீங்க? மறைக்காம சொல்லுங்க." கேட்கும்போது புருவம் உயர்ந்தது. தழும்பும் கூடவே உயர்ந்தது.

"டாக்டர், அந்தக் கேட்..." என்று அக்கா தொடங்கினாள்.

மேட்ரன் இருமினார். டாக்டர் சப்புவதை நிறுத்தினார். "எந்தக் கேட்?" என்றார் கோட்டுக்காரர். குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்ற தன்னுடைய குண்டுக் கையெழுத்து அக்காவின் கண்முன்னே வந்து நின்றது. இப்போது மாற்றிச் சொன்னால் பொய் எழுதினவள் என்று அதற்கும் சேர்த்துக் கேட்பார்கள். தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"ஒண்ணுமில்லைங்க சார்."

ஒப்புக்கொள்ளும் கடிதம் ஏற்கெனவே டைப் அடித்துத் தயாராக இருந்தது. இந்தப் பழக்கத்துக்கு அடிமையானதற்கு வருந்துவதாகவும், குழுவின் கருணைக்கு நன்றி சொல்வதாகவும் அதில் இருந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போது புருஷன் சொன்னது நினைவுக்கு வந்தது. அவன் பஸ் பணிமனையில் மெக்கானிக். அங்கே ஆளாளுக்கு, 'உங்க வீட்ல சரக்கு கிடைக்குமாமே' என்று கேட்டுத் துளைத்தெடுக்கிறார்கள். "நீ ஒண்ணும் பண்ணலைன்னு எனக்குத் தெரியும்டி," என்றான். "தெரிஞ்சு என்ன புண்ணியம்? அந்தக் குழுவுல நானா உட்கார்ந்திருக்கேன்? எதையாவது சொல்லி வேலையைக் காப்பாத்திக்கிட்டு வந்து சேரு. ஊசி போடாட்டி உனக்குக் கை அரிக்கும், அப்புறம் எனக்குத்தான் போடுவே." அவன் சிரிக்க வைக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

குனிந்து கையெழுத்துப் போட்டாள். கோட்டுக்காரர், "நல்ல முடிவும்மா, துணிச்சலான முடிவு," என்று பாராட்டினார். அவருடைய டையில் பிஸ்கட் துகள் ஒட்டியிருந்தது.

*

அவளை வார்டிலேயே விட்டார்கள். குளிப்பாட்டலாம், கட்டு மாற்றலாம், படுக்கை விரிக்கலாம். பூட்டிய அலமாரிப் பக்கம் போகக் கூடாது. நோயாளி வலியில் கத்தினால் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம், மருந்தைத் தொடக் கூடாது. ஸ்கூட்டர் வீட்டில் உறை போட்டு நின்றது. நல்வழித் திட்டத்தில் இன்னொன்றும் இருந்தது. கூப்பிடும்போதெல்லாம் சிறுநீர் கொடுக்க வேண்டும். கலப்படம் செய்துவிடாமல் இருக்க, ஒரு நர்ஸ் எதிரே நின்று பார்க்க வேண்டும். பார்ப்பவள் கோப்பையை மூடி ஒட்டும் வரைக்கும் நகரக் கூடாது.

பகல் வெளிச்சம் ஜன்னல் கண்ணாடி வழியாக வழிந்துகொண்டிருக்க, ஊழியர் கழிப்பறை வாசலில் வார்டின் இளம் நர்ஸ் கிளி வந்து நின்றாள். ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். அன்றைக்கு அவள் தரையைப் பார்த்துப் பேசினாள்.

"மேடம் என்னை அனுப்பிச்சாங்கக்கா. மன்னிச்சுக்கோங்கக்கா."

"உன்னை எதுக்குடி மன்னிக்கணும்? வார்டுல யாரு?"

"யாரும் இல்லக்கா. நான் மட்டும்தான்."

கதவைச் சாத்தக் கூடாது என்பது உத்தரவு. அக்கா கோப்பையை வாங்கி, உடையைத் தூக்கிக்கொண்டு குந்தினாள். அவள் உயரத்துக்கு முழங்கால் இரண்டும் காதுவரை வந்தன. கிளி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"திரும்பாதே. இங்க பாரு."

"வேண்டாங்கக்கா. நான் பார்த்ததா எழுதிடறேன்."

"அதான் வேண்டாங்கறேன். பார்க்காம கையெழுத்துப் போட்டுப் போட்டுத்தான் நாம இங்க வந்து நிக்கறோம். கண்ணைத் திறந்து பாரு."

கிளி திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. அக்காவுக்குச் சிறுநீர் வரவில்லை. முக்கினாள், மூச்சை இழுத்துப் பிடித்தாள், குழாயைத் திறந்துவிடச் சொன்னாள். குழாயில் தண்ணீர் வந்ததே தவிர அவளுக்கு ஒரு சொட்டு வரவில்லை. கூச்சத்தில் தலையைத் தாழ்த்தியபோது, அவள் கண்ணுக்கு நேராகக் கிளியின் பாக்கெட் இருந்தது. துணியின் விளிம்புக்கு மேலே வெள்ளைப் பிளாஸ்திரி ஒரு கீற்றாகத் தெரிந்தது.

"கிளி, பாக்கெட்ல என்னடி?"

கிளியின் கை சட்டென்று அங்கே போனது. "காலையில ஓரக் கட்டில்காரருக்குப் போட்டதுல மீதிக்கா. பார்க்க ஆள் வரல."

"மதியத்துக்கு வர்றவ?"

"அவளும் வரலையாம். என்னையே தொடர்ந்து பார்க்கச் சொல்லிட்டாங்க மேடம்." குரல் கீழே இறங்கியது. "நீங்க பாருங்கக்கா. இப்பவே இங்கேயே கொட்டிடறேன்."

"என் கையெழுத்து செல்லாதுடி."

வார்டிலிருந்து அழைப்பு மணி அடித்தது. ஓரக் கட்டில் மணி என்று இருவருக்கும் சத்தத்திலேயே தெரிந்தது. கிளி அரை அடி பின்னால் வைத்தாள், பிறகு ஒட்டாத கோப்பை நினைவுக்கு வந்து அப்படியே நின்றாள்.

"சீக்கிரம்க்கா. அவருக்கு வலிக்குது போல."

"வரமாட்டேங்குதே, நான் என்ன பண்ணுவேன்."

மணி விட்டு விட்டு அடித்தது, பிறகு விடாமல் அடித்தது. கிளி ஒரு கையால் பாக்கெட்டைப் பொத்திக்கொண்டு, கண்ணை எடுக்காமல், அக்காவின் தொடைகளுக்கு நடுவே இருந்த காலிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.