முலூகியாவுக்கு ஒரு மூச்சு

பூண்டும் பொடித்த கொத்தமல்லி விதையும் நெய்யில் பொன்னிறம் தாண்டும் நேரத்தில் வாணலியைத் தூக்கி, பக்கத்து அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த முலூகியாக் கீரைச் சாற்றில் கவிழ்த்தேன். சுர்ரென்று சத்தம் எழுந்து அடங்கியது. கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த ஜுமானா பென்சிலைக் கீழே வைப்பது கேட்டது. கொஞ்சம் காத்திருந்துவிட்டுச் சொன்னாள்.

"ஆன்ட்டி, நீங்க மூச்சு இழுக்கவே இல்ல."

அன்றும் அவள் ரொட்டியும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும்தான் தின்றாள். நான் ஷவ்கியைக் கட்டிக்கொண்டு மன்சூரா நகரத்துக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அவருடைய முதல் மனைவி வஃபா இறந்து இரண்டு வருடம். அவள் பெண் ஜுமானாவுக்கு எட்டு வயது. தலை பின்னிக்கொள்ள என்னிடம்தான் வருவாள். கணக்குப் போடும்போது என் தோளில் சாய்ந்துகொள்வாள். என் கையால் சாப்பிட மட்டும் மாட்டாள்.

முலூகியாவில் தாளிப்பைக் கொட்டும்போது, எதையோ கண்டு திடுக்கிட்டவள் போல மூச்சை வெடுக்கென்று உள்ளே இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் கீரை அடியில் போய்த் தங்கிவிடும், ருசியும் வராது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இதை எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் பதினாறு வருடம் அண்ணன் வீட்டில் கீரை ஆய்வதும், இரண்டு பிடி வைத்த வளைந்த கத்தியால் அதைப் பொடிப்பொடியாக நறுக்குவதும்தான் என் வேலையாக இருந்தது. தாளிப்பைக் கொட்டுகிறவள் அண்ணி. மூச்சு இழுக்கிறவளும் அவள்தான். அது வீட்டுக்காரியின் மூச்சு. எனக்கென்று ஓர் அடுப்பு வாய்த்தபோது முப்பத்தெட்டு வயதாகிவிட்டது, அந்த மூச்சு எனக்கு வரவில்லை. வாயைத் திறக்கவே கூச்சமாக இருந்தது.

கீழ்வீட்டு உம்மு ஹிஷாமுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினால் காலிக் கிண்ணத்தோடு அவளே மேலே வந்துவிடுவாள்.

"ஏம்மா இனாஸ், உன் கீரை ஏன் அடியில போய்ப் படுத்துக்குது? புருஷன் வீட்டுல மூச்சு விடக்கூட வெக்கமா உனக்கு?"

"அடுத்த தடவை பாருங்க, அக்கா."

"வஃபா இழுத்தான்னா கீழ என் பூனை தூக்கத்துலேர்ந்து எந்திரிச்சு உக்காரும். அது ஒரு காலம்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உன்னைச் சொல்லலடி, பூனையைச் சொன்னேன்," என்றாள்.

அடுத்த முறை இழுத்துப் பார்த்தேன். ஜுமானா சமையலறை வாசலில் நின்று கேட்டாள். "தும்மல் வந்து நின்னுபோன மாதிரி இருக்கு," என்றாள். ஷவ்கி சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வஃபாவின் அக்கா ராவ்யா பன்ஹா ஊரிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டது அந்த வாரம்தான். சில நாள் முன்பு ஜுமானா பசியில் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்திருந்தாள், அந்தச் செய்தி ராவ்யாவுக்குப் போயிருந்தது. இந்த வெள்ளிக்கிழமை விட்டு அடுத்த வெள்ளிக்கிழமை வருவேன், பிள்ளை அப்போதும் சாப்பிடாவிட்டால் கையோடு அழைத்துப் போவேன் என்றாள். தாய் வழியில் கேட்கிறார்கள், எப்படி மறுப்பது என்று ஷவ்கி நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார். அன்றிரவு ஜுமானாவின் சடையை அவிழ்க்கும்போது என் விரல்கள் சிக்கை எடுக்காமல் வெறுமனே அதிலேயே கிடந்தன.

செவ்வாய்க்கிழமை மதியம் மறுபடி முலூகியா செய்தேன். பொய்யாக இழுத்து இன்னொரு முறை அவளிடம் மாட்டிக்கொள்ள மனமில்லை. உதட்டை இறுக மூடி, மூச்சை அடக்கிக்கொண்டு தாளிப்பைக் கொட்டினேன்.

மூச்சு கேட்டது.

என் இடது பக்கம், கழுவுதொட்டி அருகில். குறுகலான, ஈரமான சத்தம். கையிலிருந்து எதையோ நழுவவிட்டவள் இழுப்பது போல. என் வாய் மூடித்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். குழாயும், அதன் மேல் காயப்போட்ட துணியும்தான் இருந்தன. சட்டியில் நறுக்கிய கீரை ஓர் இழைகூட அடியில் தங்காமல் பச்சையாக மிதந்தது.

அதற்குள் ஜுமானா தட்டோடு ஓடி வந்திருந்தாள். இரண்டு தட்டு சாப்பிட்டாள். விரலை நக்கினாள். மூன்று மணிக்கு வேலையிலிருந்து வந்த ஷவ்கி முதல் கரண்டியை வாயில் வைத்ததும் அசைவற்றுப் போனார். "இன்னைக்கு நல்லா வந்திருக்கு," என்றார். அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சமையலறை வாசலைப் பார்த்துச் சொன்னார்.

அதன் பிறகு மூன்று முறை செய்தேன். ஒரு முறை வேண்டுமென்றே சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டு கொட்டினேன். எதுவும் கேட்கவில்லை, ஜுமானாவும் வரவில்லை. மற்ற இரண்டு முறை மூச்சை அடக்கினேன். இரண்டு முறையும் கேட்டது. அங்கே இழுக்கிறவளுக்கு வேண்டிய காற்றை நான் இழுக்காமல் விட்டுவைக்க வேண்டும் போலும். எனக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிடப் பெரியதாக ஒரு பொறாமை இருந்ததைத்தான் நான் யாரிடமும் சொல்ல முடியாது. ஜுமானாவின் கன்னத்தில் நிறம் ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கும்போது இரண்டும் அடங்கிவிடும்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்த நேரத்தில் ராவ்யா வந்தாள். காலிப் பெட்டி ஒன்றைக் கூடவே கொண்டுவந்து சோபாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"கையைப் பாரு, பென்சில் கணக்கா இருக்கு," என்று ஜுமானாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "உங்களை ஒண்ணும் சொல்லல, இனாஸ். நல்லவங்கதான் நீங்க. சமையல் கை வரல, அவ்வளவுதான்."

"சாப்பிட்டுட்டுப் பேசலாம், ராவ்யா," என்றார் ஷவ்கி.

"நான் சாப்பிட வரல, ஷவ்கி. இவ சாப்பிடறாளான்னு பாக்க வந்திருக்கேன்."

நான் சமையலறைக்குள் போனேன். பூண்டு நெய்யில் நிறம் மாறத் தொடங்கியது. என் அடுப்பு, என் நெய், என் கை. ஒரே ஒரு மூச்சு என்னுடையதாக இருந்தால் போதும் என்று தோன்றியது. இன்று அது உண்மையாகவே வரும் என்றும் தோன்றியது, அவ்வளவு நடுக்கம் நெஞ்சில் இருந்தது. அந்த மூச்சு வந்து, அதைக் கேட்டு ஜுமானா சாப்பிட வந்தால் அவள் என்னிடம் வந்தவள். வராவிட்டால் அந்தப் பெட்டி. வாணலியைத் தூக்கினேன். வாயைத் திறந்தேன்.

மூடிக்கொண்டேன்.

தாளிப்பு விழுந்தது. இடது பக்கமிருந்து அந்த மூச்சு எழுந்தது, முன்பு எப்போதும் இல்லாத அளவுக்குப் பலமாக. கூடத்தில் பேச்சு நின்றது. செருப்புச் சத்தம் வேகமாக வந்து வாசலில் நின்றது.

"வஃபா?" என்றாள் ராவ்யா.

அவளுக்கு என் முதுகு மட்டும்தான் தெரிந்திருக்கும். நான் திரும்பவில்லை. அடக்கிய மூச்சு மார்பை எரித்தது. கரண்டியை மட்டும் சுழற்றிக்கொண்டே இருந்தேன்.

ஜுமானா தன் பெரியம்மாவைத் தாண்டி உள்ளே வந்தாள். தட்டை நீட்டினாள். என்னிடம் அல்ல. எனக்கு ஓர் அடி இடது பக்கம், யாரும் இல்லாத இடத்தில் நீட்டினாள். என்னைவிட உயரமான ஒரு முகத்தைப் பார்ப்பது போல அண்ணாந்திருந்தாள்.

"நிறைய போடும்மா," என்றாள்.

தட்டு காற்றில் காத்திருந்தது. நான் ஓர் அடி இடது பக்கம் நகர்ந்து அதை வாங்கிக்கொண்டேன். என் வெறுங்காலுக்குக் கீழே தரைக்கல், யாரோ வெகுநேரம் நின்றுவிட்டுப் போன இடம் போல, வெதுவெதுப்பாக இருந்தது.