வாய் திறக்கும் குழாய்கள்

சாயங்காலம் இறுக்கமாகச் சுருட்டி ஒட்டிய குழாய், விடிந்து பார்த்தால் ஓரம் பிரிந்து வாய் திறந்து கிடந்தது. ஒன்றிரண்டு அல்ல, சாக்கு நிறைய. பசை புதிதாகக் காய்ச்சியது. கையும் பழகிய கைதான். மூன்று பேருக்கும் காரணம் பிடிபடவில்லை.

ஏழாயிரம்பண்ணையில் மாடத்தி வீட்டையொட்டிய தகரக் கொட்டகையில் அவளும், மதினி செல்வலட்சுமியும், எதிர்வீட்டு மாரிசெல்வியும் கூட்டாக வேட்டுக் குழாய் சுருட்டினார்கள். பட்டாசுக் கம்பெனி வெட்டி அனுப்பும் பழுப்புத் தாளை இரும்புக் கம்பியில் சுற்றி, ஓரத்தில் பசை தடவி, கம்பியை உருவிக் காயவைக்க வேண்டும். தீபாவளி சீசன். சனிக்கிழமை வேன் வரும்போது லோடு தயாராக இல்லாவிட்டால், அடுத்த லோடு வேறு ஊருக்குப் போய்விடும்.

திங்கள் சுருட்டியது பிரிய, செவ்வாய் மறுபடி ஒட்டினார்கள். அதுவும் பிரிய, புதனும் ஒட்டினார்கள். வியாழன் காலையும் மாடத்தி பசைச் சட்டியை இழுத்தாள்.

"இன்னொரு கை பசை வச்சாப் பிடிச்சுக்கும்."

"நேத்தும் இதத்தானே சொன்னீக, மதினி," என்றாள் செல்வலட்சுமி.

"பெறகு? பட்ட பாடு அம்புட்டையும் குப்பையில கொட்டச் சொல்லுதியா? இடுப்பு ஒடிஞ்சது எனக்குல்ல தெரியும்."

"ஒங்களுக்கு ஒடிஞ்சுது. எனக்கு இடுப்பு இருக்கான்னே தெரியலக்கா," என்றாள் மாரிசெல்வி.

செல்வலட்சுமி சாக்கைக் காலால் நகர்த்தினாள். "ஒண்ணு கேக்கேன், கோவப்படாதீக. இந்தச் சாக்க நாம சுருட்டலன்னு வச்சுக்கோங்க. மேலத்தெருக்காரி ஒருத்தி இப்பக் கொண்டாந்து, 'இத ஒட்டிக் குடுங்க, நின்னாலும் நிக்கும், பிரிஞ்சாலும் பிரியும்'ங்கா. வாங்குவீகளா?"

"அவ மூஞ்சியிலயே வீசுவேன்."

சொல்லிவிட்டு மாடத்தி சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பசைச் சட்டியைத் தள்ளி வைத்தாள்.

ஒட்டுகிற அவசரம் போன பிறகுதான் தாளைக் கவனிக்க முடிந்தது. மாரிசெல்வி ஒரு தாளை எடுத்து ஒரு பக்கம் நனைத்தாள். அது தானாகவே சுருண்டது, ஆனால் அவர்கள் சுருட்டும் வாக்குக்குக் குறுக்காக. இன்னொன்றும் அப்படியே.

"தாளு ஒரு பக்கம் போகுது, நாம ஒரு பக்கம் இழுக்கோம்!"

தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே வாக்கில் படுத்திருக்கும். அவை குழாயின் நீளத்தோடு படுத்தால் தாள் இணங்கிச் சுருளும். நார்களையே வளைத்துச் சுருட்டினால், காயக் காய நிமிரப் பார்க்கும். கம்பெனியில் இந்தத் தாள்கட்டை வாக்கு மாற்றி வெட்டியிருந்தார்கள்.

சேதி போனதும் கம்பெனி ஏஜென்ட் சீனிச்சாமி மத்தியானமே வேறு தாள்கட்டு கொண்டுவந்தார். "கட்டிங்குல தப்பாயிருச்சு போல."

"அப்ப எங்க மூணு நாளு, அண்ணாச்சி?" என்றாள் மாடத்தி.

"குழாய்க்குத்தான் தாயி கூலி, நாளுக்கில்ல." பட்டாசுப் பெட்டி இடுக்கில் அடைக்க ஆகுமென்று, பிரிந்த குழாய்ச் சாக்கை அவரே வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

வெள்ளி காலையில் மூவரும் புதுக் குழாய்களைக் கொட்டிப் பார்த்தார்கள். ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. மாடத்தி ஒன்றைத் தரையில் தட்டினாள், நசுக்கிப் பார்த்தாள், சிரித்துவிட்டாள். சனிக்கிழமை வேன் ஹாரன் அடித்தபோது மாரிசெல்வி கடைசிச் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த லோடுக்கான தாள்கட்டை வேன்காரர் இறக்கியதும், அவரை நிற்கச் சொல்லிவிட்டு மாடத்தி ஒரு தாளை உருவி நனைத்தாள். இனி ஒவ்வொரு லோடுக்கும் இதுதான் ஏற்பாடு: தாள் தானாகச் சுருளும் வாக்கும் கம்பியில் சுற்றும் வாக்கும் ஒன்றானால் கட்டை வைத்துக்கொள்வது. இல்லையென்றால் ஒரு குழாய்கூடச் சுருட்டாமல் அதே வேனில் திருப்பி அனுப்புவது.