களையெடுப்பு இல்லாத நிலம்

"ஏழாம் வருஷம் முதல் துண்டு வெட்டுக்கு வருதுன்னு சொல்றேன், நீ காதுலயே..."

"ஏழு வருஷம் எங்க வூட்டு அடுப்பு காத்துக்கிட்டு இருக்குமாம்மா? இல்ல, கேக்கறேன்..."

"முழுசாச் சொல்ல வுடு மாரம்மா."

"நீங்க சொல்லிச் சொல்லியே மூணு வருஷம் ஓடிப்போச்சு."

இரண்டு பேரும் ஒன்றாகப் பேசி ஒன்றாக நிறுத்தினார்கள். நடுவில் முள்வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் ரங்கம்மா, அந்தப் பக்கம் துணிமூட்டையோடு, அவளிடம் கூலிக்கு வந்துகொண்டிருந்த மாரம்மா. பெங்களூரில் கட்டட வேலையில் சேர்ந்திருக்கும் மாரம்மாவின் புருஷன் ஆஞ்சப்பன், புறப்பட்டு வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தான். ராயக்கோட்டைக்குப் போய் மத்தியான பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். சொல்லிக்கொண்டு போகத்தான் வந்தாள். பேச்சு சண்டையில் முடிந்தது.

அந்த நாலு ஏக்கர் மேடு ரங்கம்மாவுடையது. தன் புருஷன் செத்த பிறகும் விடாமல் ராகி விதைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் மழை ஏமாற்றியது. பெய்த ஒரு மழையும் மேல்மண்ணைக் கரைத்து ஓடையில் கொண்டுபோய்க் கொட்டியது. அப்போதுதான் பாரஸ்ட் கார்டு கிருஷ்ணப்பன் வந்து, "மேட்டை மரத்துக்கு வுட்டுடுங்கம்மா, மண்ணாவது நிக்கும்" என்றார். புங்கன், வேம்பு, வாகை என்று நாற்றும் கொடுத்தார். நிலத்தை ஏழு துண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஏழாம் வருஷத்திலிருந்து வருஷத்துக்கு ஒரு துண்டு மட்டும், தரையிலிருந்து ஒரு சாண் விட்டுச் சாய்வாக வெட்டவேண்டும். கட்டை மறுபடி தழைக்கும். கடைசித் துண்டை வெட்டி முடிப்பதற்குள் முதல் துண்டு பழையபடி எழுந்து நிற்கும். காடு எந்த வருஷமும் மொட்டையாகாது.

ரங்கம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். குழி எத்தனை முழம், ஆட்டுக்கு எந்த முள், கரையானுக்கு என்ன செய்வது என்று துருவித் துருவிக் கேட்டாள். எத்தனை வருஷத்துக்கு ஆள் வேண்டியிருக்கும் என்பதை மட்டும் கேட்கவில்லை. மரத்துக்குக் களையெடுப்பு இரண்டு வருஷத்தோடு சரி. தண்ணீரும் அப்படித்தான். அதன்பின் அது யாரையும் கூப்பிடாது.

ராகி அப்படியில்லை. களையெடுக்கக் கூலிக்கு வரும் பன்னிரண்டு பெண்கள் மேட்டில் வரிசையாகக் குந்தி நகர்வார்கள். வரிசையின் கோடியில் ரங்கம்மாவும் குந்துவாள். நடுவில் மாரம்மா, ஆட்டு வியாபாரி மாதிரியும் மணியக்காரர் மாதிரியும் பேசிக் காட்டுவாள். சிரித்துச் சிரித்துப் பயிரையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவார்கள். "பேச்சைக் குறைங்கடி" என்று ரங்கம்மா அதட்டுவாள். அதட்டிவிட்டு, அடுத்து என்ன சொல்கிறாள் என்று காதைத் தீட்டிக்கொள்வாள். மகள் பாரூரில் வாழ்க்கைப்பட்டுத் தீபாவளிக்குத் தீபாவளி தலைகாட்டுகிறவள். பேச்சுச் சத்தமென்று ரங்கம்மாவுக்கு இருந்ததெல்லாம் அந்த வரிசைதான்.

இந்த ஆடியில் மேட்டுக்கு ஒருத்தியும் வரவில்லை. மரங்கள் ஆள் உயரத்துக்கு, நன்றாகவே வந்திருந்தன.

"சரி" என்றாள் ரங்கம்மா. "எடுத்துடறேன்."

"எதைம்மா?"

"மரத்தை. ஆடி இன்னும் முடியல. ஏர் வுட்டு ராகி போட்டுடறேன். நீ மூட்டையை இறக்கு."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இடுப்பிலிருந்த கொடுவாளை உருவி, பக்கத்துப் புங்கனின் அடியில் ஒரு வெட்டு போட்டாள். பட்டை பிளந்து பச்சை தெரிந்தது. மூட்டையைப் போட்டுவிட்டு, வேலிச் சந்தில் நுழைந்து ஓடிவந்தாள் மாரம்மா. முள் சேலையைக் கிழித்ததையும் பார்க்காமல் ரங்கம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கத்தியைக் குடுங்க. சித்திரை வெயில்ல இதுங்களுக்கு எத்தினி குடம் தூக்குனேன் தெரியுமா? இடுப்பு இன்னும் வலிக்குது. வெட்டணும்னா என்னைக் கேட்டுட்டு வெட்டுங்க."

"அப்போ இருந்து பாத்துக்க."

"இருந்து என்னா பண்றது?"

"பேசிக்கிட்டு இரு."

மாரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பேச்சுக்கு எவம்மா கூலி குடுப்பா?"

"நான் குடுக்கறேன்."

சிரிப்பு நின்றது. "வேலைக்குக் குடுத்தாத்தான் கூலி. சும்மா குடுத்தா அதுக்குப் பேரு வேறம்மா."

மாரம்மா ஓடைக்கரையிலிருந்து ஈரமண் எடுத்து வந்து புங்கனின் வெட்டுவாயில் அப்பினாள். கட்டைவிரலால் அழுத்தி வழித்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்தாள்.

"பொழைச்சிக்கும்" என்றாள். "வரேம்மா."

வேலிச் சந்து வழியே வெளியே போய், மூட்டையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்கினாள். ரங்கம்மா வேலியோரமாகவே கூட நடந்தாள். நிலம் முடிந்த இடத்தில் வேலி அவளை நிறுத்தியது. இருபது வருஷத்தில் மாரம்மா வேலையில்லாமல் தன்னிடம் வந்த நாள் ஒன்றாவது உண்டா என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. தான் கூப்பிட்டதாகவும் இல்லை.

மாரம்மா இன்னும் கூப்பிடு தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தாள்.

"மாரம்மா, எப்பவாவது இந்தப் பக்கம் வந்தா, வேலைக்குன்னு இல்லாம, சும்மா என் வூட்டுக்கு வருவியா?"