ஜெபிஷா வந்த சனிக்கிழமை

மாசி பிறந்தும் பனி விடவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் நீலகிரியில் பிக்கட்டிப் பக்கத்துத் தேயிலைச் செடிகள் உப்பைத் தூவியது போல வெளுத்துக் கிடக்கும். பத்து மணிக்கு வெயில் ஏறிவிட்டால் அந்த வெள்ளை போன இடம் தெரியாது. அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமைதான் ஜெபிஷா, கணவன் ஷிஜோவையும் ஒன்பது வயது மகள் அலீனாவையும் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூரிலிருந்து அண்ணன் வீட்டுக்கு வந்தாள்.

அண்ணன் ஹெர்பர்ட் எஸ்டேட் ஃபேக்டரியில் ஃபிட்டர். அண்ணி பிலோமி ஆரம்பப் பள்ளி ஆசிரியை. வழக்கமாக மே மாதம்தான் ஜெபிஷா மலைக்கு வருவாள். இந்த முறை அண்ணன் போனில் சொன்னது அவளைச் சும்மா இருக்கவிடவில்லை.

“உங்கண்ணி ஊட்டை உட்டு வெளிய வரவே மாட்டேங்கறா ஜெபி. நான் சொன்னாக் கேக்கறதில்ல.”

டிசம்பர் தொடக்கத்தில் பள்ளிக்குப் போகும்போது தேயிலைக்கு நடுவே இறங்கும் ஒற்றையடிப் பாதையில் பனி படிந்த கல் பிலோமியின் காலை வாரிவிட்டது. வலது கணுக்கால் முறிந்தது. இலை பறிக்க வந்த பெண்கள் பார்க்கிறவரை முக்கால் மணி நேரம் அந்த ஈரத்தில் தனியாகக் கிடந்தாள். ஊட்டியில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். ஜனவரிக் கடைசியில் கட்டைப் பிரித்த டாக்டர், “தாராளமா நடங்க டீச்சர்” என்று சொல்லியும் அனுப்பிவிட்டார். பிலோமிதான் வாசற்படி தாண்டவில்லை. லீவை இரண்டு தடவை நீட்டித்தாயிற்று. கேட்டால் வலிக்கிறது என்பாள். வலி எப்போதோ போய்விட்டது. சரிவான இடத்தைப் பார்த்தாலே உள்ளங்கால் கூசியது. அதை யாரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஜெபிஷா வந்ததும் வராததுமாக அடுப்படிக்குள் நுழைந்தாள். தக்காளி சாதம் கிளறி, முட்டை அவித்து, சின்ன உருளைக்கிழங்கை மிளகு போட்டு வறுத்து, எல்லாவற்றையும் டப்பாக்களில் அடைத்தாள்.

“எங்க ஜெபி கட்டறே?”

“மேல, காட்டோரம். வெயில் எப்புடி அடிக்குது பாருங்க அண்ணி! கோயமுத்தூர்ல இந்நேரத்துக்கு ஃபேன் போட்டாச்சு.”

“நீங்க போய்ட்டு வாங்க. எனக்குக் கால்…”

“கார்லதானே போறோம். நீங்க கார்லயே உக்காந்துக்கங்க, அண்ணி.”

அதற்கு மேல் மறுக்க பிலோமிக்கு வழியில்லை. ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஏறினாள். மண் ரோடு முடிகிற இடத்தில் ஷிஜோ காரை நிறுத்தினான். அங்கிருந்து புல்மேட்டுக்கு ஒரு பாதை ஏறியது. அலீனா கதவைத் திறந்ததும் ஓடத் தயாரானாள். ஜெபிஷா அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். பிலோமி இருக்கையை விட்டு அசையவில்லை.

“செரி, இங்கயே சாப்பிடலாம்” என்றாள் ஜெபிஷா. காரிலிருந்து இருபதடி தள்ளி, தேயிலை ஓரத்துப் புல்லில் பாயை விரித்தார்கள். சமதளமாக இருந்ததால் பிலோமியும் இறங்கி வந்து உட்கார்ந்தாள்.

இரண்டரை மாதம் சன்னல் வழியாக மட்டுமே பார்த்த வெயில் அன்று அவள் முதுகில் நேராக விழுந்தது. பள்ளத்தில் காரட் தோட்டங்கள் பச்சைப் பச்சையாகப் படிக்கட்டு கட்டியிருந்தன. அதற்கும் கீழே அணைத் தண்ணீர் ஒரு துண்டு மினுங்கியது. தக்காளி சாதத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அவள் தட்டைப் பார்த்துவிட்டு ஹெர்பர்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான்.

ஃப்ளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றும்போது அலீனாதான் முதலில் பார்த்தாள். “மாமா, எருமை!”

சோலையிலிருந்து மூன்று காட்டெருமைகள் இறங்கி, அவர்களுக்கும் காருக்கும் நடுவில் வந்து நின்றன. ஒன்றின் ஓரமாகச் செம்பட்டை நிறத்தில் ஒரு கன்று.

“யாரும் ஓடாதீங்க, சத்தமும் போடாதீங்க” என்றான் ஹெர்பர்ட் தணிந்த குரலில். “கன்னு இருக்குது. அதுங்களா போயிரும்.”

அவை போகவில்லை. கன்று கார் நிழலில் படுத்துக்கொண்டது. தாய் தலையைத் தூக்கி இவர்களையே பார்த்தது. அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு அது இரண்டடி முன்னே வந்து மூச்சைப் பலமாக விட்டது. ஹெர்பர்ட் மெதுவாக எழுந்தான்.

“தேயிலைக்குள்ள எறங்கீரலாம். நேராப் போனா கீழ் ரோடு, டீக்கடை இருக்குது. மாப்ள, பாப்பாவத் தூக்கிக்கங்க. முன்னால போங்க. நான் கடைசியா வர்றேன்.”

பிலோமி கீழே பார்த்தாள். செடிகளுக்கு நடுவில் அதே மாதிரிப் பாதை. அதே மாதிரிக் கற்கள்.

“என்னால ஆகாது ஜெபி.”

“வலிக்குதா அண்ணி?”

“வலி இல்ல.” அதை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னாள். “பயமா இருக்குது. அன்னிக்குக் கெடந்தது அப்பிடியே கண்ணுல நிக்குது. கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒருத்தரும் வரல.”

ஜெபிஷா அவள் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். “இன்னிக்கு அஞ்சு பேர் இருக்கறோம். புடிச்சுக்கங்க.”

ஓர் அடி, இன்னோர் அடி என்று இறங்கினார்கள். கவாத்து வெட்டிய குச்சிகள் சேலையைப் பிடித்து இழுத்தன. பாதி வழியில் ஜெபிஷாவின் டவுன் செருப்பு புழுதியில் சறுக்கியது. “ஐயோ!” என்று அவள் சரிந்தபோது பிலோமி யோசிக்கவே இல்லை, காலை அழுத்தி ஊன்றி, நாத்தனாரின் கையைப் பற்றி இழுத்து நிறுத்தினாள். இருவருக்கும் மூச்சு வாங்கியது. ஊன்றியது எந்தக் கால் என்று பிலோமி குனிந்து பார்த்தாள். வலது கால். கல்லின் மேல் அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

“என்னயக் கூட்டிட்டுப் போறேன்னு வந்தவ நீதானே?” என்றாள். ஜெபிஷா சிரிக்கத் தொடங்கினாள். பிலோமிக்கும் சிரிப்பு வந்தது. கண்ணிலும் நீர் கோத்துக்கொண்டது. மீதிப் பாதையில் முன்னால் நடந்தது பிலோமிதான்.

கீழ் ரோட்டு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் ஜெபிஷாவின் கையை விடாமல் சொன்னாள். “நீ வராம இருந்தா நான் இந்த வருசம் பூரா அந்தச் சன்னல்ல உக்காந்திருப்பேன். எப்புடிச் சொல்றதுன்னு தெரியல ஜெபி.”

“நீங்க சொல்லவே வேண்டாம் அண்ணி. இவ எட்டு மாசத்துல பொறந்து கண்ணாடிப் பொட்டிக்குள்ள கெடந்தப்ப, ஆஸ்பத்திரி வராந்தாவுல நாப்பது நாள் என்கூடப் படுத்திருந்தது யாரு? அதுக்கு நான் இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்ல.” ஜெபிஷா மகளின் தலையைத் தடவினாள். “சொல்லணும்னு நெனப்பேன். வாய் வராது.”

அலீனா வர்க்கியை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டே, “நான் கண்ணாடிப் பொட்டிக்குள்ள இருந்தனா?” என்று கேட்டாள். ஷிஜோ அவளை மடியில் இழுத்து வைத்து அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினான். ஒன்றே முக்கால் கிலோ எடை, கை விரலெல்லாம் தீக்குச்சி என்று அவன் காட்டக் காட்ட அவள் தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

நான்கு மணிவாக்கில் காட்டெருமைகள் சோலைக்குள் திரும்பிவிட்டன. ஹெர்பர்ட் மேலே போய்க் காரை ஓட்டி வந்தான். பாய், டப்பா எல்லாம் பத்திரம். மிஞ்சிய முட்டை இரண்டை மட்டும் குரங்குகள் கொண்டு போயிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மாதா கோயிலுக்கு நடந்தே போனார்கள். பூசை முடிந்த பிறகும் பிலோமி முழந்தாளிலேயே கொஞ்ச நேரம் இருந்தாள். எதையும் கேட்கவில்லை. ஒவ்வொருவர் பெயராக மனத்துக்குள் சொல்லி நன்றி சொன்னாள். தன்னைக் கண்டெடுத்த இலை பறிக்கும் பெண்கள் பெயரும் அதில் இருந்தது. மத்தியானம் தலைமையாசிரியைக்குப் போன் செய்து, நாளைக்கு வருவதாகச் சொன்னாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் கோயம்புத்தூரிலிருந்து அலீனா கூப்பிட்டாள். “அத்தை, ஸ்கூல் போனீங்களா?”

“போனேன் கண்ணு.”

“புள்ளைங்க என்ன சொன்னாங்க?”

“ரெண்டாங் கிளாஸ் முழுக்க வரிசையா வந்து என் காலைப் பாத்துட்டுப் போச்சு” என்றாள் பிலோமி. “ஒருத்தன் கேக்கறான், பிளேட் உள்ள இருந்தா அதுல சோறு போட்டுத் திங்கலாமான்னு.”

அந்தப் பக்கம் அலீனா சிரித்த சிரிப்பு அடுப்படியில் நின்ற ஹெர்பர்ட்டுக்கும் கேட்டது.